இரண்டரைக் கோடிப் பேர் திரும்பிய நிமிடம்

நகல்களின் கதை – 14

92 ரன்னுக்கு 6 விக்கெட்.

போன வாரம் உங்களை இந்த இடத்தில்தான் நிறுத்திவிட்டுப் போனேன். அங்கே ஓல்ட் டிராஃபோர்டில் தோனியும் ஜடேஜாவும். இங்கே ஆவடி லோக்கலில், ஒரு கையால் கம்பியையும் மறு கையால் போனையும் பிடித்துக்கொண்டு ஒரு கூட்டம். ஒரு வாரமாகக் காத்திருக்கிறீர்கள். தோனி என்ன ஆனார் என்பது உங்களுக்குத் தெரியும். அந்தப் போன்களுக்குப் பின்னால் அந்த நேரத்தில் என்ன நடந்தது என்பதுதான் இன்றைய அத்தியாயம்.

2019, ஜூலை 10. புதன்கிழமை.

முந்தின நாள் மழையால் பாதியில் நின்ற உலகக் கோப்பை அரையிறுதி. நியூசிலாந்து 239. சின்ன ஸ்கோர்தான். ஆனால் ரோகித் 1, ராகுல் 1, கோலி 1. மூன்று பேரும் ஆளுக்கொரு ரன்னோடு திரும்பினார்கள். நம்ம தினேஷ் கார்த்திக் அடித்த பந்தை நீஷம் பாய்ந்து ஒற்றைக் கையால் பிடித்தபோது 24-க்கு 4. பந்த் 32, பாண்டியா 32. சான்ட்னர் இரண்டு பேரையும் அனுப்பிவைத்தார்.

சென்னைக்கு அது தண்ணீர் இல்லாத கோடை. ஜோலார்பேட்டையிலிருந்து தண்ணீர் ரயில் வில்லிவாக்கம் வந்து சேர இன்னும் 2 நாள் இருந்தது. அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை முடிந்து வெளியே வந்தவர்களுக்கு வீட்டில் காலிக் குடம் காத்திருந்தது. அந்த மாலையில் ஒரு சந்தோஷம் மிச்சம் இருந்ததென்றால் அது தோனி.

ஜடேஜா அடிக்க ஆரம்பித்தார்.

ஒரு சிக்ஸர். பிறகு இன்னொன்று. மறுமுனையில் தோனி ஒன்று ஒன்றாகச் சேர்த்தார். கடைசி ஓவர் வரை நின்றால் போதும், மீதியை அவர் பார்த்துக்கொள்வார் என்று இந்த ஊர் பத்து வருடமாக நம்பி வந்திருக்கிறது. 24-க்கு 4 என்றதும் ஆப்பை மூடிவிட்டுப் போனவர்கள் மறுபடி திறந்தார்கள். பார்க்காதவர்களுக்கு, பார்த்துக்கொண்டிருந்தவர்கள் போன் போட்டுச் சொன்னார்கள். கொரட்டூரில் ஏறியவர், 'ஸ்கோர் என்ன?' என்று கேட்டபடியேதான் ஏறினார்.

மேட்சை நேரலையாகக் காட்டிய ஹாட்ஸ்டார் ஆப்பின் அலுவலகத் திரையில் ஓர் எண் ஏறிக்கொண்டிருந்தது. அந்த நொடியில் எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்ற எண்.

முந்தைய ஆண்டு ஐ.பி.எல். இறுதிப் போட்டியில், நம் சி.எஸ்.கே. கோப்பையைத் தூக்கிய அன்று, அந்த எண் 1 கோடியே 3 லட்சம். உலகமே ஆச்சரியப்பட்டது. 2019 மே மாதம், மலிங்காவின் கடைசிப் பந்தில் ஒரே ரன்னில் கோப்பை கை நழுவிய இரவில் 1 கோடியே 86 லட்சம். அதற்கு மேல் ஒரு நேரலை ஏறியதாக உலகத்தில் எங்கும் கணக்கு இல்லை.

இன்று அந்த எல்லையும் பின்னால் போய்க்கொண்டிருந்தது.

பட்டரவாக்கத்துக்கும் அம்பத்தூருக்கும் நடுவில் ஓடும் ரயிலில் ஒரே ஒரு போனை எடுத்துக்கொள்வோம். அதன் உள்ளே என்ன நடக்கிறது?

நேரலை என்கிறோமே தவிர, அந்தப் போனுக்கு வருவது சில வினாடி நீளமுள்ள சின்னச் சின்னத் துண்டுகள். ஒரு துண்டு ஓடி முடிவதற்குள் போன் அடுத்ததைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளும். துண்டு எண் 5001. அடுத்து 5002. அடுத்து 5003. திரையில் வட்டம் சுற்றினால், கேட்ட துண்டு வந்து சேரவில்லை என்று அர்த்தம்.

இரண்டு கோடிப் போன்களும் அதே துண்டுகளைக் கேட்கின்றன. எல்லாமே மூல சர்வர் வாசலுக்குப் போனால் அது அரை நிமிடம் தாங்காது. அதனால் போகாது. நாடு முழுக்க, டெலிகாம் கம்பெனிகளின் வலைக்கு உள்ளேயே, நகல் சர்வர்கள் உட்கார்ந்திருக்கின்றன. துண்டு 5001-ஐ முதலில் ஒரு போன் கேட்கும்போது மட்டும் அந்தச் சர்வர் மூலத்திடம் போய் வாங்கி வரும். வாங்கியதைத் தன்னிடம் வைத்துக்கொள்ளும். அடுத்து அதைக் கேட்பவர்களுக்கெல்லாம் தன் கையிருப்பிலிருந்தே கொடுக்கும். அதுதான் கேஷ்.

எஸ்.எஸ்.எல்.சி. ரிசல்ட் மாலைப் பேப்பரில் வந்த காலத்தை நினைத்துப் பாருங்கள். ஆவடிப் பையன் தன் நம்பரைத் தேடிக் கல்லூரிச் சாலை டி.பி.ஐ. வரைக்கும் போகவில்லை. ஸ்டேஷன் வாசல் பெட்டிக்கடையில் தொங்கிய பேப்பரில் பார்த்தான். பேப்பர் வந்து சேர்ந்தால் போதும், ஊருக்கே பதில் அங்கே இருந்தது.

இதில் ஒரு நுட்பம் உண்டு. புதிய துண்டு பிறக்கும் அந்த நொடியில் எந்த நகல் சர்வரிடமும் அது இருக்காது. அதே நொடியில் பத்தாயிரம் போன்கள் கேட்டுவிட்டால்? பத்தாயிரம் பேருக்காகவும் பத்தாயிரம் முறை மூலத்திடம் ஓடினால் கேஷ் இருந்தும் பிரயோஜனம் இல்லை. அதனால் முதலில் கேட்டவருக்காக ஒரே ஒரு முறை போவார்கள். மற்றவர்களை வாசலிலேயே நிறுத்தி வைப்பார்கள். துண்டு வந்ததும் அத்தனை பேருக்கும் ஒன்றாகக் கொடுப்பார்கள். அந்தக் காத்திருப்பு மில்லி வினாடிகளில் முடிந்துவிடும். நின்றதே நமக்குத் தெரியாது.

ஆக, எத்தனை கோடிப் பேர் வந்தாலும் வீடியோவை எப்படிக் கொடுப்பது என்பதற்கு வழி இருந்தது. நகல் சர்வர்கள் போதுமா, நாட்டின் கம்பிகள் தாங்குமா என்பதுதான் கவலை. அன்று உச்சத்தில் வினாடிக்கு 10 டெராபிட்டுக்கு மேல் போனது. இந்திய இணையத்தின் மொத்தக் கொள்ளளவில் சுமார் 70 சதவீதம் என்பது ஹாட்ஸ்டாரின் கணக்கு.

ஆனால் பொறியாளர்களின் பயம் வீடியோவைப் பற்றியது இல்லை.

இங்கே நிதானமாக நிற்க வேண்டும். இந்த அத்தியாயத்தின் முடிச்சு இதுதான்.

கௌரவ் கம்போஜ் அப்போது ஹாட்ஸ்டாரின் கிளவுட் கட்டமைப்பாளர். அந்த ஆண்டின் முடிவில் லாஸ் வேகாஸ் மேடை ஒன்றில் நின்று, இந்த மேட்சை எப்படிச் சமாளித்தோம் என்று பகிரங்கமாக விளக்கினார். போட்டி நிறைந்த தொழிலில் இப்படி உள்விவரத்தை எடுத்துச் சொல்வது பெரிய மனசு. அதைக் கேட்ட பிறகுதான் நமக்கெல்லாம் ஒன்று உறைத்தது. கூட்டம் வருவது ஆபத்து என்று நாம் நினைத்துக்கொண்டிருந்தோம். அவர்கள் பயந்தது கூட்டம் கலைவதற்கு.

ஏன்?

நீங்கள் ஆப்பைத் திறந்ததும் வருவது முகப்புப் பக்கம். அதில் மேட்சைத் தொட்டு உள்ளே போகிறீர்கள். அதற்கப்புறம் ஒரு மணி நேரம் முகப்பு உங்களுக்குத் தேவையில்லை. போன் கேட்பதெல்லாம் வீடியோத் துண்டுகளைத்தான். ஆகவே மேட்ச் சூடுபிடிக்கும்போது முகப்பைக் கவனிக்கும் சர்வர்கள் சும்மா இருக்கும்.

இப்போது ஒரு பெரிய விக்கெட் விழுகிறது. மனசு விட்டுப்போகிறது. என்ன செய்வீர்கள்?

பேக் பட்டன்.

போனை அணைக்க மாட்டீர்கள். வீடியோவிலிருந்து பின்னால் வருவீர்கள். வந்து நிற்கிற இடம் முகப்பு. நீங்கள் மட்டும் இல்லை, இரண்டு கோடிக்கு மேல் பேர். எல்லோரும் ஏறத்தாழ ஒரே நேரத்தில்.

முகப்பு என்பது வீடியோ மாதிரியும் இல்லை. வீடியோ எல்லோருக்கும் ஒன்று. முகப்பு ஆளுக்கு ஆள் வேறு. நீங்கள் பாதியில் விட்ட சீரியல், உங்கள் மொழி, உங்களுக்குப் பிடிக்கும் என்று கணித்த படங்கள். ஒருவருக்குத் தயாரித்ததை இன்னொருவருக்குக் கொடுக்க முடியாது. ஒவ்வொன்றையும் புதிதாகச் சமைத்தாக வேண்டும். கையிருப்பு உதவாத ஒரே இடம் அதுதான். கூட்டம் முழுக்க வந்து விழப்போவதும் அங்கேதான்.

இன்னும் ஒரு கண்ணி இருந்தது. கிளவுடில் சர்வர்களைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் வசதி உண்டு. வேலை குறைந்தால் சர்வரைக் குறைக்கும், ஏறினால் கூட்டும். எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு நம்பும் வசதி. அந்த மாலை அதை நம்பியிருந்தால்? முகப்பில் ஆளே இல்லை என்று அது சர்வர்களைக் குறைத்துக்கொண்டே வந்திருக்கும். தோனி அவுட் ஆகும் நொடியில் முகப்பைக் காக்க மிகக் குறைந்த சர்வர்கள்தான் மிஞ்சியிருக்கும். அப்புறம் கூட்டத்தைப் பார்த்துப் புது சர்வரை எழுப்பலாமே என்பீர்கள். எழுப்பி வேலைக்கு வர ஒன்றரை நிமிடம். கூட்டமோ நிமிடத்துக்கு 10 லட்சம் வேகத்தில் மாறுகிறது.

ஒன்றரை நிமிடம் அங்கே ஒரு யுகம்.

அதனால் அந்தத் தானியங்கியை அவர்கள் ஒதுக்கிவிட்டார்கள். ஒவ்வொரு பகுதிக்கும் இப்போது எவ்வளவு வேலை என்று பார்க்கவில்லை. உள்ளே மொத்தம் எத்தனை பேர் என்ற ஒரே எண்ணைப் பார்த்தார்கள். அந்த எண் ஒரு படி ஏறினால் எல்லாப் பகுதிகளும் ஒரு படி ஏறும். சும்மா இருக்கும் முகப்பும் சேர்த்துத்தான். பணம் விரயம் போலத் தெரியும். ஆளில்லாத இடத்துக்கு எதற்கு இத்தனை காவல் என்று கணக்குப் பிள்ளை கேட்பார். உள்ளே இருக்கும் ஒவ்வொருவரும் ஒரு நாள் வெளியே வருவார் என்பதுதான் பதில்.

இதை மனக்கணக்காக விட்டுவிடவும் இல்லை. சோதித்துப் பார்த்தார்கள். எதை வைத்து? ஒரு பொய்க் கூட்டத்தை வைத்து. அதற்கு அவர்கள் வைத்த பெயர் ஹல்க். 3,000-க்கு மேற்பட்ட இயந்திரங்கள். 1,08,000 சி.பி.யு. 216 டெராபைட் நினைவகம். உலகின் 8 பகுதிகளில் பரப்பி வைத்து, தங்கள் ஆப்பையே தாங்கள் தாக்கினார்கள். எங்கே விரிசல் விடுகிறது என்று பார்த்து அடைத்தார்கள். பிறகு மறுபடி தாக்கினார்கள். ஒரு மேட்சுக்கு முன்னால் இவ்வளவு வலைப்பயிற்சி எடுத்தவர்கள் மைதானத்திலும் குறைவாகத்தான் இருப்பார்கள்!

கடைசியாக ஒரு பட்டியல் தயார் செய்தார்கள். எது எது அணைந்தாலும் பரவாயில்லை என்ற பட்டியல். பேனிக் மோட் என்று பெயர். நிலைமை கை மீறினால் முதலில் சிபாரிசுகள் அணையும். ஆளுக்கு ஆள் மாறும் அலங்காரங்கள் அணையும். வீடியோ மட்டும் அணையக் கூடாது. அலங்காரம் போய்விட்டால் முகப்பும் எல்லோருக்கும் ஒன்றாகிவிடும். ஒன்றாகிவிட்டால் அதையும் நகலெடுத்து வைத்துக் கொடுக்கலாம்.

மாதக் கணக்கில் உழைத்துக் கட்டியதைத் தன் கையாலேயே அணைக்க எந்தப் பொறியாளருக்கும் எளிதில் மனசு வராது. முன்கூட்டியே, நிதானமான ஒரு நாளில், உட்கார்ந்து முடிவு செய்து வைத்தால்தான் நெருக்கடியில் கை நடுங்காது. இந்தக் கதையில் எனக்கு ஆகப் பெரிதாகப் படுவது ஹல்க் இல்லை. இந்தப் பட்டியல்தான்.

சரி. மைதானத்துக்குப் போவோம்.

48-வது ஓவர். போல்ட் வீசுகிறார். ஜடேஜா தூக்கி அடிக்கிறார். பந்து வானத்துக்குப் போகிறது. கீழே வில்லியம்சன்.

59 பந்தில் 77. ஜடேஜா போகிறார்.

ஆனால் கூட்டம் போகவில்லை. தோனி இருக்கிறாரே!

12 பந்தில் 31 ரன். 49-வது ஓவரை ஃபெர்குசன் எடுக்கிறார். முதல் பந்து. தோனி பாயிண்ட் திசைக்கு மேலே தூக்குகிறார்.

சிக்ஸர்.

11 பந்தில் 25.

அம்பத்தூர் ஸ்டேஷன் நடைமேடையில் இறங்கியவர்கள் படியேறாமல் நின்றுவிட்டார்கள். எஸ்டேட் டீக்கடைகளில் பாய்லர் பக்கம் யாரும் திரும்பவில்லை. பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டில், தெரியாதவர் போனைத் தெரியாதவர் எட்டிப் பார்த்தார். ஹாட்ஸ்டார் திரையில் அந்த எண் இரண்டரைக் கோடியைத் தொட்டது. தாண்டியது.

2 கோடியே 53 லட்சம்.

அதுவரை உலகம் பார்த்திராத கூட்டம். முகப்பு வெறிச்சோடிக் கிடக்கிறது. அதன் சர்வர்கள் அத்தனையும் விழித்துக் காத்திருக்கின்றன.

இரண்டாவது பந்து. ரன் இல்லை.

மூன்றாவது பந்து. தோனி லெக் பக்கம் தட்டிவிட்டு ஓடுகிறார். ஒரு ரன். ஐம்பது. ஸ்டிரைக் தன்னிடமே இருக்க வேண்டும். திரும்புகிறார். இரண்டாவது ரன்னுக்கு ஓடுகிறார். டீப்பிலிருந்து ஓடி வருகிறார் மார்ட்டின் கப்டில். அந்தத் தொடரில் பேட்டிங்கில் பெரிதாகச் சோபிக்காதவர். பந்தை எடுக்கிறார். எறிகிறார்.

அந்த நொடியில், ஆவடி லோக்கலில், தோனி இன்னும் இரண்டாவது ரன்னுக்குத் திரும்பவே இல்லை.

ஆமாம். போனில் வரும் நேரலை மைதானத்துக்குப் பல வினாடி பின்னால்தான் ஓடும். படம் பிடிப்பது, துண்டாக்குவது, நகல் சர்வருக்கு அனுப்புவது, போன் இரண்டு மூன்று துண்டுகளைச் சேர்த்து வைத்துக்கொள்வது என்று எல்லாவற்றுக்கும் நேரம் பிடிக்கும். மான்செஸ்டரில் ஸ்டம்ப் சிதறியபோது இங்கே நம்பிக்கை உயிரோடு இருந்தது. தண்டவாளத்துக்கு அந்தப்புறம் ஏதோ ஒரு வீட்டு டி.வி.யிலிருந்து முதலில் சத்தம் வந்தது. ஐயோ என்ற சத்தம். போனில் அப்போதுதான் பந்து தோனியின் மட்டையில் பட்டது.

பிறகு எல்லோரும் பார்த்தார்கள். நேராக ஸ்டம்ப். கிரீஸுக்கு இரண்டு அங்குலம் வெளியே மட்டை.

அவுட்.

9 பந்தில் 24 தேவை. இன்னும் 2 விக்கெட் கையில். கணக்குப்படி ஆட்டம் முடியவில்லை. நம் எல்லோருக்கும் முடிந்துவிட்டது.

பேக் பட்டன்.

பொறியாளர்கள் பயந்த நிமிடம் வந்துவிட்டது. வரைபடத்தில் அந்த எண் படிப்படியாக இறங்கவில்லை. மலை உச்சியிலிருந்து நேர்கீழே விழுந்தது. சில நிமிடங்களில் 2 கோடியே 53 லட்சம் என்பது 10 லட்சத்துக்கும் கீழே போனது. போனவர்கள் எல்லோரும் போகும் வழியில் முகப்பைத் தட்டிவிட்டுத்தான் போனார்கள்.

ஒரு நிமிடம் முன்னால் வரை ஆளே இல்லாத இடம். இப்போது ஒரு நாட்டின் மக்கள்தொகை.

தாங்கியது.

முகப்பு விழவில்லை. வட்டம் சுற்றவில்லை. துக்கத்தில் இருந்த ஒருவருக்கும் தன் கையில் ஏதோ நடந்தது என்றே தெரியாது. அந்தப் பொறியாளர்களும் நம்மைப் போலத் தோனியை விரும்பியவர்கள்தானே? அவர் தலை குனிந்து நடந்து போனதை நிமிர்ந்து பார்க்கக்கூட அவர்களுக்கு நேரம் இருந்திருக்காது. நீல ஜெர்ஸியில் அது தோனியின் கடைசி இன்னிங்ஸ் என்பதும் அன்று யாருக்கும் தெரியாது. இந்தியா 221-க்கு ஆல் அவுட். 18 ரன்னில் தோல்வி.

இந்த இடத்தில் கூர்மையான வாசகர் ஒருவர் என்னை மடக்குவார். 'சரி, முகப்பில் பொதுவான பகுதியை நகலாக வைத்துக் கொடுக்கலாம். அந்த நகல் பழசாகாதா? அதில் தோனி இன்னும் ஆடிக்கொண்டிருப்பார் இல்லையா?'

ஆகும். கேஷில் வைத்த எதற்கும் ஓர் ஆயுள் உண்டு. ஒரு நிமிடம் என்று வைத்தால், அந்த ஒரு நிமிடத்துக்குப் பழைய பதிலைத்தான் கொடுப்போம் என்று நாமே ஒப்புக்கொண்டதாக அர்த்தம். ஸ்கோருக்கு நாலைந்து வினாடிகூட அதிகம். படங்களின் வரிசைக்கு ஐந்து நிமிடம் கூடப் பரவாயில்லை. எது எவ்வளவு பழசாக இருந்தால் மனிதர்கள் பொறுத்துக்கொள்வார்கள்? இந்தத் தொழிலின் சூட்சுமம் முழுக்க இந்த ஒரு கேள்வியில்தான் இருக்கிறது. அதைக் கணினி சொல்லாது, மனிதர்களைத் தெரிந்தவர்தான் சொல்ல வேண்டும்.

கூட்டம் உச்சத்தில் நிற்கும்போது பார்த்து ஆயுள் முடிந்தால் அதைவிட மோசம். கையிருப்பு காலி. ஆயிரக்கணக்கானவர் ஒரே நொடியில் மூலத்தை நோக்கி ஓடுவார்கள். கேஷை நம்பிச் சின்னதாக வைத்திருந்த மூல சர்வர் அங்கேயே சாயும். பெரிய பெரிய தளங்கள் விழுந்தது இப்படித்தான். கேஷ் இல்லாததால் விழவில்லை. எல்லா நகலும் ஒரே நொடியில் காலாவதி ஆனதால் விழுந்தன. அனுபவசாலிகள் ஆயுளை ஒரே அளவாக வைக்க மாட்டார்கள். ஒன்றுக்கு 55 வினாடி, இன்னொன்றுக்கு 63 என்று கலைத்து வைப்பார்கள். காலாவதி ஆனதையும் உடனே எறிய மாட்டார்கள். ஒருவர் போய்ப் புதியதை வாங்கி வரும் வரை மற்றவர்களுக்குப் பழசையே கொடுப்பார்கள்.

இந்த நகல்களுக்கெல்லாம் ஓர் இடம் வேண்டுமே. அன்று அந்த லோக்கலின் ஜன்னலுக்கு வெளியே ஓடிய அம்பத்தூர் எஸ்டேட்டை இன்று போய்ப் பாருங்கள். லேத் பட்டறைகளும் ஆட்டோ உதிரிபாகக் கம்பெனிகளும் இருந்த தெருக்களுக்கு நடுவே ஜன்னல் குறைந்த உயரமான கட்டடங்கள் எழுந்திருக்கின்றன. வாசலில் வரிசையாக ஜெனரேட்டர்கள். 2023-இல் ஜப்பானின் என்.டி.டி. அம்பத்தூரில் டேட்டா சென்டர் வளாகம் திறந்தது. 2024 ஜனவரியில் ரிலையன்ஸும் புரூக்ஃபீல்டும் டிஜிட்டல் ரியால்டியும் சேர்ந்த கூட்டு நிறுவனம் இன்னொன்றைத் திறந்தது. சிங்கப்பூரிலிருந்து கடலடியில் வரும் கேபிள் கரையேறும் நகரம் சென்னை. இரும்பு கடைந்து பிழைத்த ஊர், அதே ஹை டென்ஷன் லைனை வைத்து இப்போது சர்வர்களை ஓட்டுகிறது. கண்ணுக்குத் தெரியாத இந்த வேலைக்கு நம் ஊரில் ஒரு முகவரி வந்துவிட்டதில் எனக்கு நிஜமாகவே பெருமை.

ஆனால் ஒரு கேள்வியை இன்னும் நாம் தொடவில்லை.

நகல் சர்வர் ஒன்று இரண்டு இல்லை, பல்லாயிரம். எந்தத் துண்டு எந்தச் சர்வரில் இருக்கிறது என்று எப்படித் தெரியும்? தேடிக்கொண்டிருக்க நேரம் இல்லை. ஒரு பெரிய பட்டியல் போட்டு வைத்தால் அந்தப் பட்டியல் வாசலில் கூட்டம் நிற்கும். கணக்குப் போட்டுப் பிரிக்கலாம்: துண்டின் எண்ணைச் சர்வர்களின் எண்ணிக்கையால் வகுத்து, மீதி எவ்வளவோ அந்தச் சர்வரில் வை. அருமையான வழி. ஒரு சர்வர் செத்துப்போகும் வரை. பத்து ஒன்பதாகிவிட்டால் ஏறத்தாழ எல்லா மீதியும் மாறிவிடும். அநேகமாக எல்லாமே இடம் மாற வேண்டியிருக்கும். அந்தக் குழப்பத்தில் மொத்தக் கூட்டமும் மூலத்தின் மேல் விழும்.

1990-களின் நடுவில் பாஸ்டன் பக்கத்தில், எம்.ஐ.டி.யில், இந்த முடிச்சோடு ஒரு கூட்டம் மல்லுக்கட்டியது. வலையைக் கண்டுபிடித்த டிம் பெர்னர்ஸ்-லீயின் அறையும் கணிதப் பேராசிரியர் டாம் லெய்டனின் அறையும் ஒரே கட்டடத்தில். வலை ஒரு நாள் கூட்ட நெரிசலில் மூச்சுத் திணறும், அதற்கு வழி கண்டுபிடியுங்கள் என்றார் பெர்னர்ஸ்-லீ. லெய்டனின் மாணவர்களில் ஒருவர் அந்தக் கேள்வியை விடாமல் பிடித்துக்கொண்டார்.

டேனி லெவின். அமெரிக்காவில் பிறந்து, பதினான்கு வயதில் இஸ்ரேலுக்குப் போய், அங்கே ராணுவத்தின் சிறப்புப் படையில் பணியாற்றிவிட்டுப் படிக்க வந்தவர். மனைவி, இரண்டு குழந்தைகள், கையில் காசு இல்லை.

1997-இல் லெய்டன், லெவின் உள்ளிட்ட ஆறு பேர் பெயரில் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது. சர்வர்களை எண் வரிசையில் வைக்காதே, ஒரு வட்டத்தில் வை. துண்டுகளையும் அதே வட்டத்தில் வை. ஒவ்வொரு துண்டும் வட்டத்தில் தனக்கு அடுத்து வரும் சர்வரிடம் போகட்டும். அவ்வளவுதான். ஒரு சர்வர் செத்தால் அதனிடம் இருந்தது மட்டும் பக்கத்துச் சர்வருக்குப் போகும். மற்ற எதுவும் அசையாது.

அடுத்த ஆண்டே அந்தக் கணக்கை மூலதனமாக வைத்து லெய்டனும் லெவினும் ஒரு நிறுவனம் தொடங்கினார்கள். பெயர் அகமாய். 2019-இல் தோனியின் அந்தக் கடைசி ஓட்டத்தை நம் போன்களுக்குச் சுமந்து வந்ததில் அதே அகமாய்க்குப் பெரும் பங்கு உண்டு.

லெவினுக்கு அதைப் பார்க்கும் வயது இருந்தது. 2019-இல் அவருக்கு ஐம்பதுகூட ஆகியிருக்காது.

ஆனால் அவருடைய கணக்குக்கு அதற்கு முன்பே ஒரு பெரிய சோதனை வந்தது, கிரிக்கெட்டில் இல்லை. ஒரு செவ்வாய்க்கிழமை காலை உலகமே ஒரே நேரத்தில் செய்தித் தளங்களைத் தட்டியது. தளங்கள் ஒவ்வொன்றாகச் சாய ஆரம்பித்தன. எங்களைத் தூக்கி நிறுத்துங்கள் என்று அகமாய்க்கு அழைப்புகள் வந்து குவிந்தன. அலுவலகத்தில் எல்லோரும் லெவினைத் தேடினார்கள்.

தேதி, 2001 செப்டம்பர் 11.

அன்று காலை லெவின் பாஸ்டனிலிருந்து லாஸ் ஏஞ்சலீஸுக்கு விமானம் ஏறியிருந்தார். அமெரிக்கன் ஏர்லைன்ஸ், ஃப்ளைட் 11. இருக்கை எண் 9பி. அவருக்கு நேர் பின்னால், 10பி-யில், ஒருவன் உட்கார்ந்திருந்தான்.

(அடுத்த வாரம்)